பழைய ஆன்சி ஆர்ட் பேக்குகள்: முதல் குழு எது, என் திரையில் படம் ஏன் சாய்கிறது, தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெண்கட்டம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எழுத்துக் கட்டங்களையும் வண்ணக் கட்டளைகளையும் வைத்துத் திரையில் வரைந்தவை ஆன்சி படங்கள், அவற்றைக் குழுக்கள் ஜிப்பாகக் கட்டி வெளியிட்ட தொகுப்புகள் பேக்குகள். 1990-லிருந்து 1994 வரைக்குமான ஆன்சி ஆர்ட் பேக்குகளைச் சேர்த்து வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். நாலு இடத்தில் முட்டி நிற்கிறது.

முதலாவது வரலாறு. ஆசிட்தான் முதல் குழு என்கிறார்கள் சிலர், அதற்கு முன்பே இருந்தது என்கிறார்கள் சிலர். எது சரி? இவர்களை ஏன் தலைமறைவுக் குழுக்கள் என்கிறார்கள்? படம் வரைவதில் ஒளிய என்ன இருக்கிறது?

இரண்டாவது திரை. லினக்ஸ் டெர்மினலில் கோப்பை அப்படியே கேட் கட்டளையால் காட்டினால் படத்துக்குப் பதிலாகத் தலையில் தொப்பி வைத்த யூ, இரட்டைப் புள்ளி வைத்த யூ, டிகிரிக் குறி, ± குறி என்று கொட்டுகிறது. பழைய பிசியின் எழுத்துத் தொகுதியான கோட் பேஜ் 437-லிருந்து யூனிகோடுக்கு மாற்றியபின் கட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் படம் படிக்கட்டு மாதிரி சாய்கிறது. முகங்கள் எல்லாம் பாசி படிந்த பச்சை மஞ்சள்.

மூன்றாவது, பைத்தானில் எழுதிய என் ஸ்கிரிப்ட் சில ஜிப்களைத் திறக்க மறுக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

நாலாவது தேதி. படத்தில் கையொப்பம் இருக்கிறது, வருஷம் இல்லை. கோப்பின் வாலில் ஒட்டியிருக்கும் சாஸ் என்ற குறிப்பில் இருக்கும் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

---

மோடம்மணி எழுதியது:

வரலாற்றை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், மற்றதற்கு இங்கே ஆள் இருக்கிறது.

ஆன்சி வரையவே சேர்ந்த குழு என்றால் முதலில் எண்ணப்படுவது ஏசஸ் ஆஃப் ஆன்சி ஆர்ட், சுருக்கமாக ஏஏஏ. 1989. அடுத்த வருஷம், 1990-ல், ராட் மேன், ஷேடோ டெமன், கிரிம், தி பிஹோல்டர், ஃபேன்டம் என்ற ஐந்து புனைபெயர்கள் சேர்ந்து ஆசிட். விரித்தால் ஆன்சி கிரியேட்டர்ஸ் இன் டிமாண்ட். 1991-ல் ஐஸ், அதாவது இன்சேன் கிரியேட்டர்ஸ் என்டர்பிரைஸ். அதன்பிறகு பல வருஷம் ஆசிட்டா ஐஸா என்ற மல்லுக்கட்டுதான். இரண்டு பெயரிலும் ஆங்கில ஐ மட்டும் சிறிய எழுத்து, மற்றதெல்லாம் பெரியது. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது என்பதால் அந்த மிடுக்கு நமக்கு வராது.

ஆசிட் முதல் குழு அல்ல, நெடுங்காலம் நின்ற குழு. அதனால்தான் பெயர் குழம்புகிறது. ஏஏஏ 1991 வாக்கிலேயே ஓய்ந்துவிட்டது.

“முதல்” என்ற சொல்லை இன்னும் பின்னால் இழுக்கிறவர்களும் உண்டு. கமடோர் 64 கணினியில் அதன் சொந்த எழுத்துத் தொகுதியான பெட்ஸ்கி எழுத்துகளால் வரைந்தவர்கள் முன்பே இருந்தார்கள். அமிகா கணினியில் வெறும் எழுத்துகளால் ஆஸ்கி படம் வரைந்தவர்களின் மரபு தனி. அமிகாவின் எழுத்துத் தொகுதி வேறு, அதில் கட்ட எழுத்துகள் இல்லை. அங்கே டோபாஸ் எழுத்துருவில் சாய்கோடும் அடிக்கோடும் சேர்ந்து ஒட்டும் விதத்தை வைத்தே எல்லாம் நடந்தது. ஒருவர் வரைந்த லோகோக்களை ஒரே நீளக் கோப்பில் அடுக்கினால் அதற்குக் கோலி என்று பெயர், கலெக்‌ஷன் என்பதன் சுருக்கம். அந்தக் கோப்புகளை 437-ல் திறக்காதீர்கள், நாசமாகிவிடும்.

தலைமறைவு என்பது படத்தைப் பற்றியதல்ல, படம் போய்த் தொங்கிய இடத்தைப் பற்றியது. பிபிஎஸ் என்ற, மோடத்தில் அழைத்து நுழையும் அறிவிப்புப் பலகைக் கணினி 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூயஸ் இருவர் கையால் தொடங்கியது. பத்து வருஷத்தில் அதற்குள் இரண்டு உலகம். ஒன்று எல்லாரும் நுழையும் பலகை. இன்னொன்று திருட்டு மென்பொருள் கைமாறும் பலகை, உள்ளே விட ஏற்கெனவே இருப்பவர் சிபாரிசோ புதியவருக்கான கடவுச்சொல்லோ வேண்டும். நல்ல ஆன்சி கேட்டது இரண்டாவது வகைதான். உள்ளே நுழைந்ததும் வரும் முகப்பு, மெனு, வெளியேறும்போது வரும் திரை, பிற பலகைகளில் ஒட்டும் விளம்பரம் எல்லாம் கௌரவப் பிரச்சினை. ஓவியருக்குக் காசு கிடையாது. பதிலுக்கு அக்கவுண்ட், பதிவிறக்க வரம்பில் தளர்வு, படத்தின் மூலையில் பெயர்.

விளையாட்டுகளை உடைத்து வெளியிட்ட தி ஹம்பிள் கைஸ் குழு 1990-ல் வெளியீட்டோடு வரும் தகவல் கோப்பான என்எஃப்ஓவைத் தொடங்கிவைத்ததும் இதே சூழலில்தான். அதில் வண்ணக் கட்டளை இராது, 437 கட்டங்கள் மட்டும். ஆன்சி வேறு, என்எஃப்ஓ வேறு. இரண்டையும் ஒரே அடைவில் போட்டால் பின்னால் தலைவலி.

மாதாந்திர பேக் ஏன் வந்தது என்றால் தொலைபேசிக் கட்டணம். ஒவ்வொரு படமாக ஒவ்வொரு பலகைக்கும் நெடுந்தொலைவு அழைப்பில் ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. ஒரு மாதத்து வேலையை ஒரே ஜிப்பாகக் கட்டினால் ஒரே அழைப்பில் போய்ச் சேரும், அங்கிருந்து கூரியர் வேலை பார்ப்பவர்கள் மற்ற பலகைகளுக்குக் கொண்டுபோவார்கள். ஜிப்புக்குள் ஃபைல்_ஐடி.டிஸ் என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். பலகை மென்பொருள் அதைப் பிய்த்தெடுத்துப் பட்டியலில் காட்டும். அளவு 45 எழுத்து அகலம், 10 வரி. அந்தப் பத்து வரிக்குள்ளேயும் லோகோ வரைந்து வைத்திருப்பார்கள், பாருங்கள். இதோடு உறுப்பினர் பட்டியல், சேர விரும்புவோருக்கு விண்ணப்பம், குழுவின் சொந்தப் பார்வைக்கருவி. வரிசைப்படுத்தும்போது படங்களை மட்டும் உருவிவிட்டு இவற்றை எறிந்துவிடாதீர்கள். யார் எந்த மாதம் எந்தக் குழுவில் இருந்தார் என்பதற்கு உறுப்பினர் பட்டியல்தான் சாட்சி. ஆட்கள் மாதம் ஒரு குழு மாறிய காலம் அது.

சண்டைகளில் பாதி “ரிப்” சண்டை. அடுத்தவர் ஆன்சியை எடுத்துத் தன் பெயரைப் போட்டால் ரிப், குழுவை விட்டு விரட்டுவார்கள். காமிக்ஸ் அட்டையைப் பார்த்து வரைவது மட்டும் ரிப் கணக்கில் வராது! 1992-ல் இமேஜ் காமிக்ஸ் வந்தபிறகு அதன் நாயகன் ஸ்பான் முகம் இல்லாத பேக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த நியாயம் எனக்கு விளங்கியதே இல்லை.

---

பைட்பண்டாரம் எழுதியது:

சாய்வும் பச்சையும் தனித்தனி நோய். அதற்கு முன் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், மீதி தானாகப் புரியும்.

ஆன்சி என்ற அமெரிக்கத் தர நிறுவனம் வகுத்தது கட்டளை வரிசைகளை மட்டுமே. கட்டம், நிழல், கோடு எல்லாம் ஐபிஎம் பிசியின் கோட் பேஜ் 437. இரண்டையும் அந்தக் காலத்துப் பிசி இயங்குதளமான டாஸில் சேர்த்து வைத்தது 1983-ல் டாஸ் 2.0 உடன் வந்த ஆன்சி.சிஸ் என்ற இயக்கி. எனவே உங்கள் கோப்புக்குள் இரண்டு மொழி கலந்து கிடக்கிறது. பைட்டுகளைப் பதின்ம எண்ணில் பார்த்தால் இப்படி இருக்கும்:

27 91 49 59 51 51 109 219 219 27 91 49 50 67 178

27 எஸ்கேப். 91 இடது சதுர அடைப்பு. 49 59 51 51 என்பது “1;33”. 109 சின்ன எம், “இனி இந்த வண்ணம்” என்று பொருள். 1 பிரகாசம், 33 மஞ்சள். பிறகு இரண்டு முழுக் கட்டம். பிறகு “12” எண்ணும் 67 என்ற பெரிய சி-யும், அதாவது கர்சரை வலப்பக்கம் 12 இடம் தள்ளு. பிறகு முக்கால் அடர்த்தி நிழல் ஒன்று. 12 வெற்றிடத்தை 12 பைட்டாக அனுப்பாமல் 5 பைட்டில் முடித்துவிட்டார்கள். 2400 வேக மோடத்தில் நொடிக்கு 240 எழுத்துதான் போகும். 80-க்கு 25 திரையில் 2000 கட்டம், வண்ணக் கட்டளையோடு 4 கிலோபைட்டை நெருங்கினால் திரை நிறைய 16 நொடி. மிச்சம் பிடிக்காமல் என்ன செய்வது?

தொப்பி வைத்த யூ: 219-ஐ விண்டோஸ் லத்தீன் தொகுதியில் படித்தால் வருவது அது. 220 இரட்டைப் புள்ளி யூ, 176 டிகிரி, 177 ±, 178 இரண்டின் மடிக் குறி. பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான். இதைத் தீர்த்துவிட்டீர்கள்.

இனி சாய்வு. முழு 80 கட்டமும் நிறைந்த வரிக்குப் பின் கோப்பில் வரிமுறிவு இராது, இருக்கத் தேவையில்லை. 80-வது எழுத்தை எழுதிய கணமே ஆன்சி.சிஸ் கர்சரை அடுத்த வரியின் முதல் இடத்துக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் டெர்மினல் 120 அகலமாக இருந்தால் அடுத்த வரி இதே வரியின் வாலில் ஒட்டும். சரி என்று 80-க்குச் சுருக்கினாலும் நோய் முழுதாகத் தீராது. விடி100 என்ற பழைய டெர்மினலின் வழிவந்த டெர்மினல்கள் 80-வது எழுத்தை எழுதிவிட்டு கர்சரை அங்கேயே நிறுத்திக்கொள்ளும், அடுத்த எழுத்து வரும்போதுதான் கீழே இறங்கும். அந்த இடைவெளியில் எழுத்துக்குப் பதில் “வலப்பக்கம் 12 தள்ளு” வந்தால்? டாஸில் அடுத்த வரியின் 13-வது இடம். உங்கள் டெர்மினலில் ஏற்கெனவே விளிம்பில் நிற்பதால் எங்கும் போக இடமில்லை, அசையாது. பிறகு வரும் எழுத்து தவறான இடத்தில் விழும். ஒரு வரியில் பிசகினால் அதற்குக் கீழே எல்லாம் பிசகும். இதுதான் உங்கள் படிக்கட்டு.

தி டிரா என்ற ஆன்சி வரையும் மென்பொருளில் சேமித்த கோப்புகளில் இன்னொரு வேடிக்கை. நீண்ட வரியை நடுவில் வெட்டும்போது “கர்சர் இடத்தை நினைவில் வை” என்ற கட்டளை, வரிமுறிவு, “நினைவில் வைத்த இடத்துக்குத் திரும்பு” என்ற கட்டளை மூன்றையும் நுழைக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. வரிமுறிவை மட்டும் பார்த்து வரி எண்ணுகிற ஸ்கிரிப்ட் இதில் ஏமாறும்.

டெர்மினலோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாப்லோடிரா அல்லது மோபியஸ் என்ற ஆன்சி மென்பொருளில் திறங்கள். மொத்தமாகப் படமாக்க ஆன்சிலவ்.

பச்சைக்கு வருவோம். பிசியின் 6-வது வண்ணம் பழுப்பு. 16 வண்ணத்தில் இது ஒன்றுதான் கணக்கை மீறியது. சூத்திரப்படி சிவப்பு 170, பச்சை 170, நீலம் 0 என்று அழுக்கு மஞ்சளாக வர வேண்டும். ஐபிஎம் வண்ணத் திரையில் பச்சையை மட்டும் பாதியாக்கி 170, 85, 0 என்று பழுப்பாக்கினார்கள். பின்னால் வந்த விஜிஏ திரை அட்டையும் அப்படியே. ஆன்சி ஓவியர்களுக்குத் தோல், மரம், தோல்பை எல்லாம் இந்த ஒரு நிறம்தான். உங்கள் டெர்மினல் 33-க்கு 170, 170, 0 மாதிரி எதையோ காட்டுகிறது, அதனால் முகத்தில் பாசி. டெர்மினல் அமைப்பில் அந்த ஒரு நிறத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டு சின்ன விஷயம். விஜிஏ எழுத்துத் திரை 720-க்கு 400 புள்ளி, கட்டம் ஒன்றுக்கு 9-க்கு 16. அது 4:3 கண்ணாடியில் விரிந்ததால் புள்ளிகள் சதுரமல்ல, உயரவாக்கில் 1.35 மடங்கு. சதுரப் புள்ளியில் படமாக்கினால் முகம் அமுங்கிப்போகும். 8 புள்ளி அகலத்தில் எடுத்தால் 1.2 மடங்கு நீட்டுங்கள். அடுத்தது, எழுத்துரு 8 புள்ளி அகலம்தான், 9-வது புள்ளியை அட்டை சேர்க்கும். 192 முதல் 223 வரையிலான எழுத்துகளுக்கு 8-வது புள்ளியையே நகலெடுக்கும், மற்றவற்றுக்கு வெறும் பின்னணி. நிழல் எழுத்துகள் 176, 177, 178 அந்த வரம்புக்கு வெளியே. அதனால் நிழல் பரப்பில் மெல்லிய நெடுங்கோடு விழும். அது பிழையல்ல, அந்தக் காலத்துத் திரையில் அப்படித்தான் இருந்தது.

---

வெண்கட்டம் எழுதியது:

பழுப்பை மாற்றியதும் முகம் தெளிந்துவிட்டது, நன்றி அண்ணே. பாப்லோடிராவில் சாய்வும் போய்விட்டது. ஒரு சந்தேகம். சில படங்களில் பாதிப் பரப்பு மின்னிக்கொண்டே இருக்கிறது. வேண்டுமென்றே வைத்ததா? 2400 வேகத்தில் படம் கீழிறங்குவதை அப்படியே பார்க்க வழி உண்டா?

---

பைட்பண்டாரம் எழுதியது:

மின்னுவது வேண்டுமென்றும் இருக்கலாம், உங்கள் அமைப்பின் தவறாகவும் இருக்கலாம்.

திரையில் ஒரு கட்டத்துக்கு 2 பைட். ஒன்று எழுத்து, ஒன்று வண்ணம். வண்ண பைட்டின் 8 பிட்டில் 4 எழுத்து நிறம், 3 பின்னணி நிறம், மீதி ஒரு பிட் மின்னுவதற்கு. ஆகவே எழுத்துக்கு 16 நிறம், பின்னணிக்கு 8 மங்கல் நிறம் மட்டும். ஆன்சி ஓவியத்தின் முழுத் தந்திரமும் இந்த ஒரு பற்றாக்குறையில்தான் நிற்கிறது.

மேல்பாதிக் கட்டம் 223-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து நிறம் மேலே, பின்னணி நிறம் கீழே. ஒரு கட்டத்தில் இரண்டு புள்ளி கிடைக்கிறது, 80-க்கு 25 திரை 80-க்கு 50 ஆகிறது. மேலே பளிச்சென்ற மஞ்சள், கீழே பழுப்பு வேண்டுமென்றால் 223. மேலே பழுப்பு, கீழே மஞ்சள் என்றால் கீழ்ப்பாதி 220, பளிச் நிறம் எப்போதும் எழுத்து நிறமாகவே போக வேண்டும். மேலே பளிச் மஞ்சள், கீழே பளிச் சிவப்பு வேண்டுமா? முடியாது. ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு மங்கல் நிறத்தை நுழைக்க வேண்டும். நல்ல ஓவியர் வேலையில் இரண்டு பளிச் நிறங்கள் மேலும் கீழுமாக ஒரே கட்டத்தில் இடிக்காது, நடுவே எப்போதும் இருட்டு விளிம்பு ஓடும். பாணி என்று நாம் நினைப்பதில் பாதி வண்ண பைட்டின் கட்டாயம்.

மின்னும் பிட்டை அணைத்துவிட்டு அதையே பின்னணியின் 4-வது பிட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று பிறகு கிளம்பினார்கள். அட்டை அதற்கு இடம் கொடுத்தது, ஒரு பயாஸ் அழைப்பு போதும். இதற்கு ஐஸ் கலர்ஸ் என்று பெயர். இந்த முறையில் வரைந்த படத்தைச் சாதாரண முறையில் திறந்தால் பளிச் பின்னணி எல்லாம் மின்னும். சாஸ் குறிப்பில் கொடி பைட்டின் முதல் பிட் 1 என்றால் ஐஸ் கலர்ஸ். கொடி இல்லாத பழைய கோப்பில் கண்தான் தீர்ப்பு. ஒரு கண், ஒரு விளக்கு, ஒரு சொல் மட்டும் மின்னினால் வேண்டுமென்று வைத்தது. தாடை முழுக்க மின்னினால் அமைப்பை மாற்றுங்கள்.

வேகத்துக்கு லினக்ஸில் பிவி என்ற கட்டளை இருக்கிறது, நொடிக்கு இத்தனை பைட் என்று எல்லை வைக்கலாம். யூனிகோடாக மாற்றியதற்குப் பின் அதை வைத்தால் முழுக் கட்டம் ஒன்று 3 பைட் (226 150 136) ஆகிவிடும். 240 என்று கொடுத்தால் மோடத்தைவிட மெதுவாகத் தவழும். கட்டம் அடர்ந்த படத்துக்கு 600 வாக்கில் வையுங்கள். ஆன்சிமேஷன் கோப்புகளுக்கு இது கட்டாயம். கர்சரை மேலும் கீழும் துள்ளவிட்டு அசைவு காட்டுபவை அவை. இன்றைய வேகத்தில் கண்ணிமைப்பதற்குள் கடைசிச் சட்டம் மட்டும் நிற்கும்.

---

ஓலைநாயகம் எழுதியது:

ஜிப்பும் தேதியும் ஒரே கேள்விதான், சேர்த்தே சொல்கிறேன்.

உங்கள் ஜிப் கெடவில்லை. தலைப்பின் முதல் 4 பைட் 80 75 3 4 என்றிருக்கும். தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளி வரும் எண் சுருக்கும் முறை. 8 என்றால் டிஃப்ளேட், இன்றைக்கும் அதுதான். 6 என்றால் இம்ப்ளோட், 1 என்றால் ஷ்ரிங்க். பைத்தானின் ஜிப் நூலகத்துக்கு 6, 1 இரண்டுமே தெரியாது. லினக்ஸின் அன்ஜிப் கட்டளையோ 7-ஜிப்போ திறந்துவிடும்.

மறுத்தது நல்லதாகப் போயிற்று, அதுவே தேதிச் சான்று. டிஃப்ளேட் பரவலானது ஜிப் கட்டும் மென்பொருளான பிகேஜிப்பின் 2.04ஜி பதிப்பு வந்தபின், அது 1993 பிப்ரவரி. அதற்குமுன் ஊரெல்லாம் ஓடியது 1990-ன் 1.10 பதிப்பு. ஆக முறை 6 கண்டால் பெரும்பாலும் 1993-க்கு முந்தைய கட்டு, அல்லது மென்பொருளைப் புதுப்பிக்காத ஆள். முறை 8 கண்டால் பின்னது என்று அடித்துச் சொல்லாதீர்கள், யாராவது பிரித்து மறுபடி கட்டியிருக்கலாம். ஜிப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் டாஸ் நேரம் உண்டு, 2 நொடித் துல்லியம், நேர மண்டலம் கிடையாது. பத்துக் கோப்பில் ஒன்பது ஒரே மாத ஆரம்பத்தில் சில மணி நேரத்துக்குள் விழுந்தால் நம்பலாம். எல்லாமே ஒரே நொடியில் நின்றால் யாரோ தொட்டிருக்கிறார்கள், அல்லது வெளியீட்டுக்கு முன் குழுவே நேரத்தைச் சமமாக்கியது.

பிறகு சாஸ். 1994-ல் ஆசிட் பக்கமிருந்து வந்தது, உருவாக்கியவர் டாஸ்மேனியாக் என்ற ஒலிவியே ரூபன்ஸ். கோப்பின் வாலில் 128 பைட். அடையாளம் 5 (83 65 85 67 69), பதிப்பு 2, தலைப்பு 35, ஓவியர் 20, குழு 20, தேதி 8 என்று போகும். தேதி 82 பைட் தள்ளித் தொடங்கும், வருஷம் மாதம் நாள் இடைவெளியின்றி. 96-ல் அகலம், 98-ல் வரி எண்ணிக்கை, 105-ல் பைட்பண்டாரம் சொன்ன கொடி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 26. டாஸின் டைப் கட்டளை 26-ஐக் கண்டதும் நின்றுவிடும், அதனால் குறிப்பு திரையில் கொட்டாது. ஓவியர் கருத்து எழுதியிருந்தால் 128-க்கு முன்னால் வரிக்கு 64 பைட்டாக இன்னொரு தொகுதி இருக்கும்.

கடைசி 128-ஐ மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு “சாஸ் இல்லை” என்று எழுதிவிடாதீர்கள். எக்ஸ்மோடம் நெறிமுறை 128 பைட் பொட்டலமாக அனுப்பும், கடைசிப் பொட்டலம் நிறையாவிட்டால் 26-களால் அடைக்கும். அப்படி வந்த கோப்பில் குறிப்பு சில பைட் உள்ளே தள்ளி இருக்கும். கடைசி 300 பைட்டில் அந்த ஐந்து எழுத்தைத் தேடுங்கள். உரைக்கோப்பு என்று நினைத்து வரிமுறிவை மாற்றும் எந்தக் கருவியும் 13, 10 என்ற பைட்டுகளைத் தொட்டுவிடும். கிட் என்ற பதிப்புக் களஞ்சியத்தில் போட்டு வைப்பதானால் பைனரி என்று முதலிலேயே குறித்துவிடுங்கள்.

---

மோடம்மணி எழுதியது:

ஓலைநாயகம் ஐயா சொன்னதில் ஒரு இடத்தை அழுத்த வேண்டும். 1994-க்கு முந்தைய படத்திலும் சாஸ் இருக்கும், பின்னால் சேர்த்தவர்கள் ஏராளம். அந்தத் தேதி படம் வரைந்த தேதியாகவும் இருக்கலாம், குறிப்பு ஒட்டிய தேதியாகவும் இருக்கலாம். சாஸ் இருப்பதாலேயே 1994-க்குப் பின் என்றும் சொல்லாதீர்கள், 1992 என்று எழுதியிருப்பதால் பொய் என்றும் சொல்லாதீர்கள்.

---

ஓலைநாயகம் எழுதியது:

சரிதான். அதனால்தான் படத்துக்குள்ளேயே இருக்கும் சாட்சியை நான் முதலில் பார்ப்பது. பலகை விளம்பரமாக இருந்தால் தொலைபேசிப் பகுதி எண் இருக்கும். 1995 ஜனவரி வரை வட அமெரிக்கப் பகுதி எண் எல்லாவற்றிலும் நடு இலக்கம் 0 அல்லது 1. அலபாமாவின் 334-ம் வாஷிங்டனின் 360-ம்தான் அந்த விதியை முதலில் உடைத்தவை. ஆக நடுவில் 2 முதல் 9 வரை இருந்தால் 1995-க்கு முன் கிடையாது. கலிஃபோர்னியாவில் 510, 310 இரண்டும் 1991-ல் பிரிந்தவை, செப்டம்பரிலும் நவம்பரிலும். ஓக்லாந்துப் பலகை 415 என்று போட்டிருந்தால் பிரிவுக்கு முந்தையது என்று சாயலாம்.

விளம்பரத்தில் மோடம் வேகமும் பெருமையாக எழுதியிருக்கும். வி.32பிஸ் என்று மோடம் தரத்தின் பெயர் சொன்னால் 1991 அல்லது பின், வி.34 என்றால் 1994 அல்லது பின். 14,400 என்று எண் மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள், எச்எஸ்டி வகை மோடங்கள் தங்களுக்குள் அந்த வேகத்தை முன்பே எட்டிவிட்டன.

படத்தின் நீளமும் பேசும். தி டிராவை இயன் டேவிஸ் 1986-ல் எழுதினார், கடைசியாக வெளியான பதிப்பு 4.63, 1993 அக்டோபர். 80 அகலத்தில் அது 100 வரிக்கு மேல் தாங்காது. 100-ஐத் தாண்டி ஒரே இழுப்பில் இறங்கும் படம் என்றால் ஆசிட்டிரா மாதிரி வேறு கருவியில் வரைந்தது, அல்லது துண்டுகளை ஒட்டியது. ஒட்டிய இடத்தில் வண்ணத்தை மீட்டமைக்கும் கட்டளை நடுவில் மறுபடி வரும், ஹெக்ஸ் எடிட்டரில் தேடினால் சிக்கும்.

---

வெண்கட்டம் எழுதியது:

ஒரு கோப்பை எடுத்துச் சோதித்தேன். ஜிப் முறை 6. சாஸ் இல்லை, கடைசி 300 பைட்டிலும் இல்லை. விளம்பரப் படம், பகுதி எண் 510, வேகம் வி.32பிஸ் 14,400. 96 வரி, “நினைவில் வை, திரும்பு” கட்டளைகள் நிறைய. ஜிப்புக்குள் தேதி 1980 ஜனவரி 1!

---

ஓலைநாயகம் எழுதியது:

1980 ஜனவரி 1 டாஸின் தொடக்க நாள். கட்டிய கணினியில் கடிகார பேட்டரி செத்திருக்கிறது, அதைத் தள்ளுங்கள். 510 என்பதால் கீழ் எல்லை 1991 செப்டம்பர். முறை 6 என்பதால் மேல் எல்லை 1993-ன் முதல் பாதி என்று வைக்கலாம், இது உறுதியல்ல, சாய்வுதான். 96 வரியும் அந்தக் கட்டளைகளும் தி டிரா என்கின்றன, எல்லையை நகர்த்தவில்லை. அட்டவணையில் “1991 செப்டம்பர் – 1993, பகுதி எண்ணும் சுருக்க முறையும் கொண்டு” என்று காரணத்தோடு எழுதுங்கள். தொலைபேசி எண்ணின் மீதி ஏழு இலக்கத்தை அட்டவணையில் சேர்க்காதீர்கள், அது இப்போது யார் வீட்டிலாவது அடிக்கும்.